பாலையில் ஒரு பனித்தளம்: ஐஸ் ஹாக்கியில் காலூன்றும் சிறிய அணிகள்

அபூதபியிலும் அல்ஐனிலும் குவைத்திலும் நம் ஊர்ச் சகோதரர்கள் எத்தனையோ பேர் பல்லாண்டுகளாகப் பணிபுரிந்து வருகின்றனர். விடுமுறையில் ஊர் திரும்பும் அவர்கள் அந்நாட்டு வெயிலைப் பற்றிச் சொல்லாமல் போவதில்லை. கோடையில் 45 பாகையையும் தாண்டித் தகிக்கும் நிலம் அது. அந்த நகரங்களிலேயே குளிரூட்டப்பட்ட மண்டபங்களுக்குள் பனிக்கட்டியால் தரை அமைத்து, காலணிகளில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு அரபு இளைஞர்கள் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று சொன்னால், நம்மில் பலர் நம்பத் தயங்குவர். ஆடுவது மட்டுமன்று, ஆசிய நாடுகளுக்கிடையிலான போட்டியில் கோப்பையும் வென்றிருக்கின்றனர். அதே போட்டிகளின் பெண்கள் பிரிவில் ஈரான் நாட்டு நங்கையரும், நம் இந்திய நாட்டின் லடாக் மலைப்பகுதியைச் சேர்ந்த பௌத்த, முஸ்லிம் பெண்களும் களம் கண்டு பதக்கத்துடன் திரும்பியுள்ளனர்.

விளையாட்டு என்றாலே கிரிக்கெட் என்றாகிவிட்ட நம் இல்லங்களில் இச்செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. நாளேடுகளும் ஒரு மூலையில் நான்கு வரியோடு முடித்துக்கொண்டன. எனவே சற்று விரிவாகவே எழுத விழைகிறேன்.

ஆட்டம் எத்தகையது?

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டி ரப்பரால் ஆன தட்டையான கரிய வட்டு ஒன்றுதான் அங்கே பந்து. ஒரு அங்குலத் தடிமனும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட அதன் எடை ஏறத்தாழ 160 கிராம். பனியின் மீது அது வழுக்கிப் பாயும் வேகத்தைக் கண்ணால் தொடர்வதே கடினம். ஒரு நேரத்தில் அணிக்கு அறுவர் களத்தில் நிற்பர். அவருள் ஒருவர் இலக்குக் காவலர். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஓட்டத்தின் கடுமையால் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே வீரர்கள் களைத்து வெளியேற, புதியவர்கள் உள்ளே பாய்வர். ஆகையால் ஓர் அணிக்கு இருபது பேருக்கு மேல் தேவைப்படுகின்றனர்.

களத்தின் நீளம் 60 மீட்டர். அகலம் 26 முதல் 30 மீட்டர் வரை. சுற்றிலும் இடுப்புக்கு மேல் உயரமான தடுப்புப் பலகை. காங்கிரீட் தரைக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீர்மம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க, மேலே நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து உறையவைத்துச் சில சென்டிமீட்டர் தடிமனுக்குப் பனிப் படலம் வளர்க்கின்றனர். ஆட்டப் பகுதிகளுக்கிடையே ஓர் இயந்திர வண்டி வந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவியெடுத்து, வெந்நீர் தடவி மீண்டும் கண்ணாடிபோல் ஆக்கிச் செல்லும். வெப்ப நாட்டில் இத்தனையையும் ஆண்டு முழுவதும் நடத்த எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். இந்த மின்சாரக் கணக்கை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

82 கோல் வாங்கிய அணி

சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் 1908ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தோன்றியது. கனடா, ரஷ்யா, சுவீடன், பின்லாந்து, செக் நாடு, அமெரிக்கா ஆகிய நாடுகளே நெடுங்காலமாக இவ்வாட்டத்தின் வல்லரசுகள். உலகச் சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவில் 16 நாடுகள் மட்டும் ஆடும். மற்றவை தகுதிக்கேற்ப அடுத்தடுத்த பிரிவுகளில் படிப்படியாக வரிசைப்படுத்தப்படும். வென்ற அணி ஒரு படி ஏறும். தோற்ற அணி ஒரு படி இறங்கும். ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால், முதற்படியிலேயே கால் வைக்க இயலாத நாடுகளின் கதி என்ன?

1987இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் கீழ்ப்பிரிவு ஆட்டமொன்றில் நியூசிலாந்தை ஆஸ்திரேலியா 58-0 எனத் தோற்கடித்தது. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கோல். பெண்கள் ஆட்டத்தில் இதனையும் விஞ்சிய கொடுமை நேர்ந்தது. 2008 செப்டம்பரில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியப் பெண்கள் பல்கேரியப் பெண்களை வென்ற கணக்கு 82-0. அறுபது நிமிட ஆட்டத்தில் 44 விநாடிகளுக்கு ஒரு கோல் வீதம் விழுந்திருக்கிறது! இலக்குக் காவலில் நின்ற அந்தப் பெண்ணின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? இத்தகைய ஆட்டத்தால் தோற்றவர் எதையும் கற்பதில்லை. வென்றவர்க்கும் அதில் பெருமை இல்லை.

ஆகவேதான், ஏறக்குறைய ஒத்த வலிமையுள்ள அண்டை நாடுகளை ஒன்றுசேர்த்து வட்டாரப் போட்டிகள் நடத்தும் எண்ணம் வலுப்பெற்றது. தொலைதூர நாடுகளுக்குப் பயணம் செய்யும் செலவும் குறையும்; தோற்றாலும் நான்கு கோல், ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்பர்; அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எஞ்சும். சிறிய அணிக்கு அந்த ‘அடுத்த ஆண்டு’தான் உயிர்மூச்சு. தோல்வியால் எந்த அணியும் கலைந்துவிடுவதில்லை. ஆடுவதற்கு எதிரணி இல்லையென்றால்தான் கலைகிறது.

ஆசியச் சவால் கோப்பை

இவ்வகையில் ஆசியாவுக்கென ஏற்பட்டது ‘ஆசியச் சவால் கோப்பை’. 2008ஆம் ஆண்டு ஹாங்காங்கில் முதற்போட்டி நடந்தது. ஜப்பான், தென்கொரியா, கசகஸ்தான், சீனா போன்ற முன்னேறிய ஆண்கள் அணிகள் இதில் சேரவில்லை; அவற்றுக்கு உலகச் சாம்பியன்ஷிப்பில் உயர்ந்த இடம் உண்டு. ஹாங்காங், மக்காவ், தாய்லாந்து, அமீரகம், சீன தைபே என்ற பெயரில் ஆடும் தைவான் ஆகியவற்றுக்கே இந்த மேடை. முதற்கோப்பையைச் சீன தைபே வென்றது.

மறு ஆண்டு, 2009இல், போட்டி அபூதபிக்கு வந்தது. சொந்த மண்ணில், அன்று, சொந்தப் பனியில் என்றே சொல்லவேண்டும், ஐக்கிய அரபு அமீரகம் வாகை சூடியது. 2001இல்தான் சர்வதேச சம்மேளனத்தில் உறுப்பினரான நாடு அது! இந்தியா முதன்முதலாக ஒரு தேசிய அணியை அனுப்பியதும் அந்தப் போட்டிக்குத்தான். 1989இலேயே உறுப்பினராகிவிட்ட இந்தியா, சர்வதேசக் களத்தில் இறங்க இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வெற்றி ஒன்றும் கிட்டவில்லை.

2011இல் குவைத் இப்போட்டியை நடத்தியது. 1985ஆம் ஆண்டே சம்மேளனத்தில் சேர்ந்துவிட்ட நாடு குவைத் என்பதும், அங்கு 1980இலேயே பெரிய பனித்தளம் ஒன்று திறக்கப்பட்டதும் நம்மவர் பலர் அறியாத செய்திகள். 2012இல் போட்டி நம் நாட்டின் டேராடூனுக்கு வந்தது. அமீரகம் மீண்டும் கோப்பையைக் கைப்பற்றியது. மக்காவ் அணியை 5-1 எனத் தோற்கடித்து இந்தியா தன் முதலாவது சர்வதேச வெற்றியைப் பதிவு செய்ததும் அங்கேதான். உறுப்பினராகி 23 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் வெற்றி!

அரபு நாடுகளுக்கென்றே தனிப் போட்டியும் உண்டு. 2008இல் அபூதபியில் நடந்த முதலாவது அரபுக் கோப்பையில் அமீரகம், குவைத், மொராக்கோ, அல்ஜீரியா ஆகிய நான்கு நாடுகள் கலந்துகொண்டன, அமீரகமே வென்றது. அல்ஜீரிய அணியின் வீரர் பலர் பிரான்ஸ் நாட்டில் பிறந்து வளர்ந்து, அங்குள்ள பனித்தளங்களில் ஆட்டம் கற்றவர்கள். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் தந்தையர் நாட்டின் கொடியை நெஞ்சில் தாங்கி ஆடுவது உள்ளத்தைத் தொடும் காட்சிதான். ஆயினும் ஒரு கேள்வி எழாமலில்லை. வெளிநாட்டில் வளர்ந்தோரைக் கூட்டிவந்து அணி அமைத்துவிட்டால், உள்நாட்டில் உள்ள சிறுவன் எப்போது பனியில் கால் வைப்பான்? குடியுரிமை புதிதாகப் பெற்றவர் அந்நாட்டுக்காக ஆட வேண்டுமாயின், உள்நாட்டுப் போட்டிகளில் குறிப்பிட்ட காலம் ஆடியிருக்க வேண்டும் எனச் சம்மேளனம் விதித்திருப்பது இதுபோன்ற ஐயங்களைக் கருதித்தான் போலும். என் கருத்தில், ஓர் அணியின் உண்மையான வளர்ச்சியைப் பதக்கப் பட்டியலில் தேடுவதைவிட அந்நாட்டுச் சிறுவர்கள் எத்தனை பேர் சறுக்குக் காலணி அணிகிறார்கள் என்பதில் தேடுவதே முறை.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், எண்ணெய் வளம் மிக்க எந்த நாட்டையும்விட நம் லடாக் ஒரு படி மேலே நிற்கிறது.

லடாக்கின் குளங்கள்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது லே நகரம். பௌத்தர் மிகுந்த பகுதி. அதன் மேற்கே உள்ள கார்கில் மாவட்டமோ முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. குளிர்காலத்தில் இரு பகுதிகளிலும் குளம் குட்டைகள் யாவும் உறைந்து பாறையாகிவிடும். 1970களில் இங்குப் பணியாற்றிய இராணுவ வீரர்கள் பொழுதுபோக்காக ஆடிய ஐஸ் ஹாக்கியைக் கண்டு உள்ளூர் மக்களும் ஆடத் தொடங்கினர். அவர்களிடம் ஏது சறுக்குக் காலணி? படைவீரரின் பழைய பூட்சுக்கு அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடியவர்கள் அவர்கள். லே நகரின் கர்ஸூ குளம் தலைமுறைகளின் பயிற்சிக்கூடமாக விளங்கி வருகிறது.

இயற்கைப் பனியில் ஆடுவதற்கும் மண்டபத்துள் ஆடுவதற்கும் வேறுபாடு மிகுதி. குளத்துப் பனி மேடுபள்ளமானது; வெடிப்புகளும் தூசும் கொண்டது. வட்டு நேராகச் செல்லாது துள்ளும். சுற்றிலும் முறையான தடுப்புப் பலகை இராது. மண்டபத்திலோ பனி கண்ணாடிபோல் வழுக்கும். பலகையில் மோதித் திரும்பும் வட்டின் கோணத்தைக் கணித்து ஆடுவதே பாதி ஆட்டம். ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் குளத்தில் மட்டும் ஆடிப் பழகிய ஒருவர், சர்வதேசப் போட்டிக்குச் சென்றிறங்கிய சில நாட்களுக்குள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டாக வேண்டும். டெல்லிக்கு அருகில் குருகிராம் வணிக வளாகமொன்றில் இருந்த சிறிய பனித்தளத்தில் தேசிய அணியினர் பயிற்சி பெற்ற காலமும் உண்டு. அங்கே பொழுதுபோக்குக்காகச் சறுக்க வரும் பொதுமக்கள் கலைந்த பின்னரே இவர்களுக்கு இடம்.

பெண்களின் நிலை இதனினும் கடினமாக இருந்தது. ஆண்களின் போட்டிகள் முடிந்த பிறகு எஞ்சிய நேரமே அவர்களுக்கு. கருவிகளும் இரவல். இந்நிலையிலிருந்து புறப்பட்டு, பொதுமக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய நன்கொடையின் துணையோடு, 2016இல் தைபே நகரில் நடந்த பெண்களுக்கான ஆசியச் சவால் கோப்பையில் இந்திய அணி முதன்முதலாகப் பங்கேற்றது. வெற்றி இல்லை. மறு ஆண்டு, 2017 மார்ச்சில், பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வென்றனர். ஆண்கள் 2009இல் தொடங்கி முதல் வெற்றிக்கு மூன்று ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை நினைத்துப் பாருங்கள். பெண்கள் மறு ஆண்டே அதைச் சாதித்தனர்! தொடர்ந்து மலேசியாவையும் 5-4 எனத் தோற்கடித்தனர். இரு ஆட்டங்களிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல். ஒத்த வலிமையுள்ளோரை மோதவிடும் வட்டாரப் போட்டியின் நோக்கம் நிறைவேறியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த அணியின் இலக்குக் காவலர் நூர் ஜஹான் என்னும் முஸ்லிம் பெண். லே நகரைச் சேர்ந்தவர். இவருடைய இன்னொரு முகம் மேலும் வியப்புக்குரியது. பழஞ்சுவடிகளையும் துணி ஓவியங்களையும் சுவரோவியங்களையும் சிதையாமல் பாதுகாக்கும் கலையை முறையாகப் பயின்றவர் இவர். வஜீதா தபஸ்ஸும் என்ற பெண்மணியுடன் சேர்ந்து அதற்கென ஒரு நிறுவனத்தையே நடத்தி வருகிறார். லடாக்கின் பழைய பௌத்த வழிபாட்டிடங்களில் அழிந்துகொண்டிருந்த ஓவியங்களை இந்த முஸ்லிம் பெண்களின் கரங்கள் சீர்செய்திருக்கின்றன. பகலெல்லாம் நுண்ணிய தூரிகையுடன் பொறுமையாக அமர்ந்திருக்கும் அதே கைகள், பனிக்காலம் வந்தால் தடித்த காவல் கையுறையை மாட்டிக்கொண்டு பாய்ந்து வரும் வட்டை மறிக்கின்றன.

2018 ஜனவரியில், ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பல வென்ற கனடா வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கே நேரில் வந்து, சிறுமியருக்குப் பயிற்சியளித்துச் சென்றார். உலகின் தலைசிறந்த வீராங்கனைகளுள் ஒருவர் மலையேறி வந்து தம்முடன் உறைபனிக் குளத்தில் ஆடுகிறார் என்றால், அச்சிறுமியர் கொண்ட மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

உடையும் மார்க்கமும்

மதரஸாவில் பாடம் சொல்பவன் என்ற முறையில், ‘பெண்கள் இப்படி விளையாடலாமா?’ என்று என்னிடம் கேட்போர் உண்டு. அந்நிய ஆடவர் முன்னிலையில் பெண்கள் போட்டிகளில் ஆடுவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் விளையாட்டு என்பதே மார்க்கத்துக்குப் புறம்பானது என எண்ணுவோர் சில ஹதீஸ்களை மறந்துவிடுகின்றனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையாரும் பின்னொரு முறை நாயகமும் வென்றதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, நாயகம் (ஸல்) அவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று அன்னையார் சலிப்புத் தீரும்வரை கண்டுகளித்ததும் ஸஹீஹான நூல்களில் உள்ள செய்தியே.

உடையைப் பொறுத்தவரை, ஐஸ் ஹாக்கிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தலைக்குக் கவசம், முகத்துக்குக் கம்பி வலை, கழுத்துக்குக் காப்பு, தோளுக்கும் முழங்கைக்கும் திண்டு, முன்கை வரை கையுறை, இடுப்பிலிருந்து தொடைவரை பருத்த காற்சட்டை, காலுக்குக் காப்பும் அதன்மேல் கெட்டிக் காலுறையும், எல்லாவற்றுக்கும் மேலே தொளதொளத்த சட்டை. இலக்குக் காவலரின் கவசங்கள் மட்டுமே ஏறத்தாழ 20 கிலோ தேறும். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தூரத்திலிருந்து அறிய இயலாது! தலைக்கவசத்தின் உள்ளே ஹிஜாப் அணிந்துகொள்வதில் ஆட்டத்துக்கு எவ்வித இடையூறும் இல்லை.

மற்ற விளையாட்டுகளில் நடந்ததை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தகும். 2011 ஜூனில் ஜோர்தானின் அம்மான் நகரில், ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட வந்த ஈரான் பெண்கள் கால்பந்து அணி, தலைமுக்காட்டின் காரணமாக ஆட்டம் தொடங்கும் முன்பே தடுக்கப்பட்டது. கண்ணீருடன் அவர்கள் களத்தில் நின்ற காட்சியை உலகமே கண்டது. 2014இல்தான் கால்பந்துச் சம்மேளனம் தலைமறைப்பை முறைப்படி அனுமதித்தது. கூடைப்பந்தில் அந்த அனுமதிக்கு 2017 வரை காத்திருக்க நேர்ந்தது.

அமீரகத்தின் ஃபாத்திமா அல்அலீ என்ற பெண்ணின் கதை இவ்விடத்தில் சொல்லத்தக்கது. நிழற்படம் எடுப்பதில் ஆர்வம் கொண்ட இவர், ஆண்கள் அணியின் ஆட்டங்களைப் படமெடுக்கச் சென்றவர். பிறகு தாமே மட்டையை ஏந்தினார். அபூதபிக்கு வந்திருந்த முன்னாள் வீரர் பீட்டர் போன்ட்ரா, ஹிஜாப் அணிந்த இப்பெண் வட்டைக் கையாளும் திறனைக் கண்டு வியந்து, அதை ஒளிப்படமாக்கி உலகுக்குக் காட்டினார். அதன் பயனாக, 2017 பிப்ரவரியில் அமெரிக்கத் தலைநகரின் புகழ்பெற்ற வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி ஃபாத்திமாவை அழைத்து, தன் வீரர்களுடன் பயிற்சி செய்ய வைத்தது; ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அடையாள வட்டை இடும் மரியாதையையும் வழங்கியது. முஸ்லிம் நாடுகள் சிலவற்றின் மக்கள் அமெரிக்காவில் நுழையத் தடைவிதித்து ஆணை பிறந்த சில நாட்களுக்குள் இது நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஈரானின் வளர்ச்சியோ இன்னும் விரைவானது. சக்கரக் காலணி அணிந்து சாதாரணத் தரையில் ஹாக்கி ஆடிப் பழகிய பெண்கள் அங்கே பலர் இருந்தனர். தெஹ்ரானில் ‘ஈரான் மால்’ எனும் பெரும் வணிக வளாகத்தில் முழு அளவுப் பனித்தளம் அமைந்ததும், அவர்கள் சக்கரத்தை விட்டுத் தகட்டுக்கு மாறினர். 2023இல், ஆசிய ஓசியானியா சாம்பியன்ஷிப் என்ற புதுப் பெயருடன் பாங்காக்கில் நடந்த பெண்கள் போட்டியில் ஈரான் அறிமுகமாயிற்று. அறிமுகத்திலேயே வெள்ளிப் பதக்கம், தங்கம் தாய்லாந்துக்கு. திறமை ஏற்கெனவே இருந்தது. இல்லாதிருந்தது பனி மட்டுமே.

பனி இல்லையேல்

ஆம், எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. முஸ்லிம் பெண்களைத் தடுப்பது அவர்களுடைய உடை என்று மேலைநாட்டு ஏடுகள் எழுதுகின்றன. வெப்பநாட்டு மக்களுக்கு இந்த ஆட்டம் இயல்பானதன்று என்கின்றனர் வேறு சிலர். இரண்டும் பிழை என்பதற்கு அபூதபியும் தெஹ்ரானும் சாட்சி. தடையாக நிற்பது பனித்தளம் இல்லாமையும், இருப்பதைப் பராமரிக்கும் மின்சாரக் கட்டணமுமே.

இதற்கு வேதனையான எடுத்துக்காட்டு நம் டேராடூன். 2011 ஜனவரியில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கே பெரும் பொருட்செலவில் சர்வதேசத் தரம் வாய்ந்த பனி மண்டபம் எழுப்பப்பட்டது. 2012இல் ஆசியச் சவால் கோப்பை அங்கே நடந்ததையும், இந்தியா முதல் வெற்றி கண்டதையும் மேலே கூறினேன். அதன்பின் என்ன நடந்தது? பராமரிப்புச் செலவுக்கும் மின்கட்டணத்துக்கும் வழியின்றி மண்டபம் பூட்டப்பட்டு, பல்லாண்டுகள் அப்படியே கிடந்தது. முதல் வெற்றி பெற்ற களம் பூட்டிக் கிடக்க, தேசிய அணி பயிற்சிக்கு வெளிநாடுகளைத் தேடி அலைந்தது! கட்டுவதற்குப் பணம் ஒதுக்கும் அரசுகள், கட்டியதை நடத்துவதற்கு ஒதுக்குவதில்லை. பாலம், நூலகம், மருத்துவமனை எனப் பலவற்றிலும் நாம் காண்பது இதைத்தானே? ஒருவாறாக 2025இல் அம்மண்டபம் சீரமைக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஆசிய அளவிலான பனிச்சறுக்கு விரைவோட்டப் போட்டி அங்கே நடைபெற்றது.

லே நகரிலும் நிலைமை மாறி வருகிறது. 2024 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் ஐஸ் ஹாக்கி, அங்குள்ள என்.டி.எஸ். விளையாட்டரங்கிலும் குபுக்ஸ் குளத்திலும் நடத்தப்பட்டது. ஆயினும், குளிர்காலம் வரவர முன்போல் நீடிப்பதில்லை என்று லடாக் மக்கள் கூறுகின்றனர். இரண்டு மாதப் பனி ஒன்றரை மாதமாகக் குறைந்தால், இயற்கைப் பனியை மட்டுமே நம்பியிருக்கும் சிற்றூர்ச் சிறுமியருக்கு எஞ்சுவது எத்தனை நாள்?

அல்ஐனில் 2025

2025 மே மாத இறுதியிலும் ஜூன் முதல் வாரத்திலும், அமீரகத்தின் அல்ஐன் நகரில் பெண்களுக்கான ஆசியக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. வெளியே கோடையின் உச்சம். உள்ளே ஆறு நாடுகளின் பெண்கள். அமீரகம், ஈரான், மலேசியா, கிர்கிஸ்தான் என அவற்றுள் நான்கு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். மற்ற இரண்டு பிலிப்பைன்ஸும் இந்தியாவும். பிலிப்பைன்ஸ் தங்கம் வென்றது. ஈரான் மீண்டும் வெள்ளி. மலேசியாவையும் கிர்கிஸ்தானையும் அமீரகத்தையும் பின்தள்ளி இந்தியா வெண்கலம் பெற்றது.

இந்திய அணியில் ஏறத்தாழ அனைவருமே லடாக்கினர். பதக்கத்துடன் அவர்கள் திரும்பிய ஜூன் மாதத்தில் லே நகரில் பனி ஏதும் இராது. வாற்கோதுமை வயல்கள் பசுமையாக இருக்கும். டிசம்பர் பிற்பாதியில்தான் அங்கு நீர் உறையத் தொடங்கும். அப்போது சிற்றூர்களில் பெண்கள் இரவு நேரத்தில் கூடி, வாளிகளிலும் குழாய்களிலும் நீர் கொண்டுவந்து திடலில் பாய்ச்சுவர். ஒரு படலம் உறைந்ததும் அதன்மேல் இன்னொரு படலம். விடியும்போது தளம் ஆயத்தமாக இருக்கும். வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் அன்றைய ஆட்டத்தை ஆடி முடித்துவிட வேண்டும்.